பழைய ஆப் காட்டாத இருபத்து மூன்று

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். தண்ணீர்க்காரர் வந்தால் இரண்டு கேன் வாங்கி வையுங்கள்.

டேப்லெட்டில் நீங்கள் போட்டிருந்த ஃபைல் மேனேஜரை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். நேற்று வேறு மூன்று போட்டுப் பார்த்தேன். ஒன்றில் எங்கே தொட்டாலும் விளம்பரம். இன்னொன்று உங்கள் அத்தை மாதிரி, உள்ளே விடுவதற்குள் ஆயிரம் கேள்வி. மூன்றாவது சாதுவாக எல்லா ஃபோல்டரையும் திறந்து காட்டியது. அதையே வைத்துக்கொண்டேன்.

அதில்தான் பார்த்தேன். உங்களுக்கு நைட் ஷிஃப்ட் தொடங்கிய அன்று, "நீ பேசிப் பதிவு பண்ணி வை, காலையில வந்து கேக்குறேன்" என்றீர்களே. தினமும் பேசினேன். அந்த இருபத்து மூன்று பதிவுகளும் பழைய ஆப் காட்டாத ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை, "ஒரு வார்த்தை பேச மனசு வரலல்ல உனக்கு?" என்று கத்தினீர்கள். அத்தனையும் கேட்டுவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வரிசையாகக் கேளுங்கள். எட்டாவதில் கொஞ்சம் திட்டியிருக்கிறேன். பதினைந்துக்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பாதி நேரம் ஃபேன் சத்தம்தான் இருக்கும்.

பி.கு: அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன், மூன்று மணிக்கு வருவேன்.

இன்னொன்று: பதிலைப் பதிவு செய்து வைக்க வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிவிடுவேன்.