வெள்ளைச் சட்டையில் ஓட்டை

1974 பெப்ரவரி 12, செவ்வாய்

சாயந்தரம் பார்த்தால் என் வெள்ளைச் சட்டையில் கருகிய ஓட்டை.

"திரும்பவும் பீடியா? நான் வெலிமடைக்கு அம்மா வீட்டுக்கே போறேங்க" என்று மனைவி பெட்டியை எடுத்துவிட்டாள்.

நான் பீடியை விட்டு வருஷமாகிறது. எங்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பி மேல்தான் எனக்குச் சந்தேகம். கிட்டப்போய் மோந்து பார்த்தேன்.

"எனக்கு அந்த வாடையே ஆகாது அத்தான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே சரியில்லை.

இப்போது தேயிலைத் தோட்டத்து டாக்டர் என்னிடம் சுத்தம் செய்யக் கொடுத்த கேமரா லென்சை அதன் பெட்டியில் வைக்கும்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் படிந்த பூஞ்சணம் சாக மத்தியானம் ஜன்னல் வெயிலில் வைத்திருந்தேன். அதன் பின்னால்தான் சட்டை தொங்கியது; லென்ஸ் வெயிலைக் குவித்துச் சுட்டிருக்கிறது.

அதை எப்படிச் சொல்வது? ஜெர்மன்காரன் ஒருவன் என் காதில் மட்டும் ஓதிய மருந்தால் பூஞ்சணம் எடுப்பதாகப் பதுளை ஊரே நம்புகிறது. வெறும் வெயில்தான் என்று தெரிந்தால் எவன் கேமராவோடு வருவான்?

நாளைக்கு மைத்துனன் சட்டையை அங்கே மாட்டுகிறேன். நல்ல வெயில் அடிக்க வேண்டும்.