அறுநூறு வரி அலை

மார்ச் 4, செவ்வாய்

என் அலையை வெட்டச் சொல்லிவிட்டார் மேலாளர். ஒரு வருட உழைப்பு. அறுநூறு வரி கணினி நிரல், எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு. பொத்தானை அழுத்தினால் திரையில் கடல் புரளும். அது போதாதாம். "சின்னச் சின்னதா பிரிச்சுக் குடும்மா. வாங்கறவங்க அவங்களுக்கு வேணுங்கறதைக் கோத்துக்கட்டும்." பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 7, வெள்ளி

பதினொரு துண்டு. ஏற்றம், சாய்வு, நடுக்கம், வீச்சு... ஒவ்வொன்றும் ஓர் எண்ணை வாங்கி ஓர் எண்ணைத் தரும். ஒன்றின் விடை அடுத்ததற்குத் தீனி. எந்த எண்ணும் 1-ஐத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

மார்ச் 10, திங்கள்

மேலாளரோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. கணினி தெரியாத ஒருவர் இந்தத் துண்டுகளைக் கோத்து அரை மணியில் தானே ஓர் அசையும் படம் செய்தால், துண்டுகளாகவே விற்பனை. இல்லாவிட்டால் என் அலை முழுசாகப் போகும். ஆளை நானே கூட்டி வரலாம்.

வேறு யார்? நாத்தனார்தான், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர்! முடி திருத்தும் கடை நடத்துகிறவர், போனில் அலாரம் வைக்கக்கூட என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். நான் நல்லவளா? இன்றைக்கு இல்லை.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் எல்லாரும் சுற்றி நிற்க, காற்றில் பறக்கும் கூந்தல் செய்ய உட்கார்ந்தார் அண்ணி. இருபது நிமிடத்தில் பாதிக் கூந்தல் ஆடிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். 'வீச்சு' சேர்த்தார் — எல்லாம் நின்றுவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டு 1-ஐத் தாண்டிய எண்ணைத் தள்ளும், அடுத்தது வாங்காது. பிரிக்கும்போது சரிசெய்ய மறந்துவிட்டேன். மறந்தேனா? உண்மையைச் சொல்லடி. மறக்கவில்லை.

இன்னும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயம் எனக்குத்தான். அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு மண்டையில ஒண்ணுமில்ல. எல்லார் முன்னாடியும் உன் மானத்தை வாங்கிட்டேன்."

என்னால் முடியவில்லை. "தப்பு உங்க மேல இல்ல அண்ணி. என் மேல."

மேலாளர் பார்த்த பார்வை! "நாளைக்குள்ள சரிபண்ணுவியா?"

"பண்ணிடறேன்."

மார்ச் 14, வெள்ளி

நாலே வரிதான். அண்ணி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

அண்ணியின் கடை ஜன்னலில் திரை வைத்தாயிற்று. கூந்தல் பறக்கிறது, போகிறவர்கள் நிற்கிறார்கள். முடி வெட்ட வந்த ஒருவர், "யார் செஞ்சு குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"யாரு குடுக்கணும்? நானே செஞ்சேன்!"

பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், வாயெல்லாம் பல்லாக.

"ஆமாங்க, அவங்களேதான்" என்றேன்.