மதகுக் காவலன் வாங்கிய வெற்றிலை

மழை தவறாது பெய்க. செங்கோல் சாயாது நிற்க. குன்றும் குளமும் புரக்கும் செம்பரிதிக் கோமானின் திருவாணையால், அவர்தம் ஓலைநாயகமும் அவையில் வழக்குத் தீர்ப்பவருமான காரிக்கண்ணனார், பேரேரிக்குக் கீழே நெல்வளம் பொலிய அமர்ந்த குறிச்சிநல்லூரின் தலைவர் விண்ணந்தையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊரும் சுற்றமும் நலமுறுக. நலமுற வேண்டுமாயின், இதைப் படித்து முடித்தவுடன் வண்டிகளைப் பூட்டுக.

தங்கள் ஏரியின் மதகுக் காவலன் மாறன்சாத்தனைத் தாங்கள் அறிவீர்கள். ஒருவர் ஒன்றைக் கேட்டு வெற்றிலையை நீட்ட, மற்றவர் அதை வாங்கி மென்றால் ஒப்பந்தம் முடிந்தது என்பது நம் நாட்டு வழக்கம். ஓலையும் வேண்டாம், வாய்ச்சொல்லும் வேண்டாம்.

முன்னொரு பெருமழையில் கரை சாத்தனின் காலடியிலேயே பிளந்தது. மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கை ஓய்ந்தவன் முன்னே, இடுப்பளவு நீரில் ஒருவர் நின்றார். கரையைத் தாம் பிடித்துக்கொள்வதாகவும், அவன் மகள் வளர்ந்ததும் அவளைத் தமக்குத் தரவேண்டும் என்றும் சொல்லி வெற்றிலையை நீட்டினார். சாத்தன் திரும்பிப் பார்த்தான். ஊர் கீழே கிடந்தது. அவன் குழந்தை நக்கையும் அங்கேதான் இருந்தாள். பாவி, வாங்கி மென்றான். அதில் சேற்று மணம் அடித்தது என்று இன்றும் சொல்கிறான். பிளவு மூடிக்கொண்டது.

நக்கை வளர்ந்துவிட்டாள். இப்போது அவர்கள் வாசலில் விடியும்தோறும் ஈரக் காலடிகள் தெரிகின்றன. வந்த தடம் உண்டு, போன தடம் இல்லை. சாத்தன் மகளை இழுத்துக்கொண்டு தலைநகருக்கு ஓடிவந்து அவையில் விழுந்தான். அன்று நீரில் நின்றவரும் எதிர்வழக்காடியாக வந்தார். உச்சிவெயிலில் அவர் நின்ற கல்தளம் இன்னும் உலரவில்லை.

கேட்டவர் கேட்டார், ஏற்றவன் ஏற்றான், சொன்னபடி கரையும் நின்றது. ஆயினும் அச்சம் கழுத்தைப் பிடித்திருக்கையில் தந்த இசைவு இசைவாகாது. தன்னைத் தானே விற்க உரிமையில்லாத குழந்தையைத் தந்தை மட்டும் எப்படி விற்பான்? உயிரை விலையாக வைத்த பேச்சை ஓலையில் எழுதினாலும் அது செல்லாது. இவ்வாறு ஓலைநாயகம் தீர்ப்புரைக்க, சாத்தன் வாய்விட்டு அழுதான்.

அவன் அழுகை அடங்குமுன் எதிர்வழக்காடி மிகப் பணிவோடு ஒன்று கேட்டார். செல்லாத ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தருவதுதானே முறை என்றார். முறைதான். தாம் தந்தது கரையின் பிடி, அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தார். பிடி விட்டால் கரை உடைந்து குறிச்சிநல்லூர் மூழ்கும்; ஓலைநாயகம் அஞ்சினார், இதை மறைப்பதற்கில்லை.

அப்போது சாத்தன் எழுந்தான். மகளையும் தரமாட்டேன், என் உயிரையும் தரமாட்டேன், என் கை வேலையைத் தருகிறேன் என்றான். ஊரார் குன்றேறும் வரை உம் பிடியை விடக்கூடாது, அதுவரை நீருக்குள் நின்று உமக்கு ஏவல் செய்கிறேன் என்றான். ஓலைநாயகம் தடுக்க வழி தேடினார், கிடைக்கவில்லை. இது கூலி ஒப்பந்தம்; வேலைக்கு முடிவும் உண்டு; அவனை யாரும் மிரட்டவில்லை. இம்முறை சாத்தனே வெற்றிலையை நீட்டினான். மற்றவர் வாங்கி மென்றார்.

ஆகவே ஆணையாவது: கிழவர், குழந்தை, ஆடு, மாடு ஒன்றும் விடாமல் குன்றேற்றுக. ஒவ்வொரு நாழிகையும் சாத்தன் நீருக்குள் நிற்கிறான் என்பதை மறவற்க. கடைசி ஆள் ஏறியதும், இவ்வோலையோடு வரும் நக்கை ஏரியை நோக்கி, வேலை முடிந்தது அப்பா என்று கூவுக. கூவாவிடில் ஒப்பந்தம் முடியாது. அவனும் கரையேற முடியாது.

கூவியபின் நீரிலிருந்து ஒருவன் ஏறி வருவான். முகமும் குரலும் சாத்தனுடையவையாகவே இருக்கும். வெறுங்கையோடு வந்தால் மகள் ஓடிச்சென்று கட்டிக்கொள்ளட்டும். வெற்றிலையை நீட்டினால் அவன் சாத்தன் அல்லன், ஒருவரும் வாங்கற்க. அவன் நக்கையைப் பேர் சொல்லி அழைத்தாலும், அழுதாலும், அவளைப் போகவிடாமல் கையைப் பிடித்துக்கொள்க.

பரிதி முத்திரை இட்டது. இது கோமான் ஆணை.