குழிக்குள்ளிருந்து

மாரிகுப்பம்,
12-6-1964

அன்புள்ள மனைவிக்கு,

குழி தோண்ட வரும் இந்த ஊர் ஆட்களைப் போலச் சோம்பேறிகளை நான் பார்த்ததில்லை. எல்லோரும் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். காலையில் குழிச்சுவரைக் கடப்பாரையால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார்கள். பிறகு மேலேறி உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று நாளாக அகழாய்வு நின்றுகிடக்கிறது.

"செவுரு டொக்குன்னுது சார், உள்ள மண்ணு விட்டிருக்கு, நீங்களும் எறங்காதீங்க" என்றார் மூத்தவர் தம்மபாலன்.

அவர்கள் வெட்கப்படட்டும் என்று நானே இறங்கி, இருபதடி ஆழத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காகிதத்தில் மண் விழுந்துகொண்டே இருப்பதால் ஊதி ஊதி எழுத வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை ரயிலில் வந்துவிடுவேன்.

மேலே பேச்சு நின்றுவிட்டது. நான் சொல்லாமலே கயிறும் மண்வெட்டியும் எடுத்து வருகிறார்கள். ஒருவழியாக வேலை செய்ய மனம் வந்துவிட்டது போலிருக்கிறது.

உன் கணவன்