ஆரைத்தீவில் தண்ணீர் கேட்ட ஆளுநர்

கடல் ஏழும் தம் ஆணைக்கு அடங்கியிருப்பதாக அறிந்துள்ள மகோதயப் பேரரசர் விசயமாணிக்கப் பெருவேந்தர் திருமுன், ஆரைத்தீவின் அவையார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடை நீடுக, மாடங்கள் பொலிக, யானைகள் நன்கு உண்டு உறங்குக. இங்கு யாவரும் நலம்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன், அன்றைய ஆளுநர் தங்கள் முடிசூட்டு விழாவுக்கெனக் கப்பலேறினார். விருந்து சிறப்பாக இருந்திருக்க வேண்டும், அவர் திரும்பவில்லை. மருத்துவர் வேண்டி யாம் விடுத்த ஓலைகளுக்கு மறுமொழியும் இல்லை. ஆகவே வழக்குகளை யாமே தீர்த்தோம். கரையை யாமே காத்தோம். அவை ஒன்று கூட்டி, படகு கட்டும் வலம்புரியாரைத் தலைவியாகத் தேர்ந்தோம். ஆள்வோர் இன்றி வாழ்வது இத்தனை எளிது என்பது எமக்கே வியப்பு.

இந்நிலையில், சென்ற ஆனித் திங்களில் தங்கள் புதிய ஆளுநர் உத்தரங்கக் கண்டர் அறுபது வீரரோடு வந்து சேர்ந்தார். வழியில் புயலடித்துத் தண்ணீர்ச் சாடிகள் உடைந்துபோயின. இரண்டு நாளாக ஒருவர் நாவிலும் ஈரமில்லை. ஆயினும் கண்டர் பட்டுடுத்தி, நியமன ஓலையைத் தலைமேல் தாங்கிக் கரையிறங்கினார். முரசு முழங்கும் என்று எண்ணியிருந்தாராம். கையில் உளியோடு வலம்புரியார் மட்டுமே நின்றார். எந்நாட்டவர் என அவர் வினவ, கண்டர் சினந்து, இது பேரரசரின் மண், தாம் இதன் ஆளுநர், முதலில் தண்ணீர் கொண்டுவருக என ஆணையிட்டார்.

"உங்க மண்ணுன்னா, ஊத்து எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார் வலம்புரியார்.

எம் ஊற்றுகள் மணலுக்கடியில் பலகையிட்டு மூடப்பட்டவை. வீரர்கள் ஒன்பது இடங்களில் தோண்டினர், ஒன்பதிலும் உப்புநீரே. படைத்தலைவன் வாளை உருவி, கழுத்தில் வைத்தால் சொல்வார்கள் என்றான். கண்டர் வலம்புரியாரின் முகத்தைப் பார்த்தார். சொல்லமாட்டார் என்பது அவருக்கு விளங்கிற்று. அப்போது இளைய வீரன் ஒருவன் அவர் காலடியில் சுருண்டு விழுந்தான். கையிலிருந்த நியமனம் வெறும் பனையோலையாகத் தோன்றியது அந்நொடியில்தான் என்று பின்னர் எம்மிடம் கூறினார். வாளை உறையிலிடச் சொல்லிவிட்டு மணலில் அமர்ந்தார்.

"நான் என்ன பண்ணணும், சொல்லும்மா," என்றார்.

ஆளுநருக்குத் தண்ணீர் தர எம்மிடம் சட்டமில்லை என்றும், பிறநாட்டார் எழுதிக் கேட்டால் மறுப்பதில்லை என்றும் வலம்புரியார் விளக்கினார். கண்டர் எழுதினார்: மகோதய நாட்டுத் தூதன் யான், ஆரைத்தீவு நாட்டாரிடம் தண்ணீர் வேண்டுகிறேன். தாங்கள் அளித்த மோதிரத்தை அரக்கில் அழுத்தி இலச்சினையிட்டார். அறுபதின்மரும் குடித்தனர். விழுந்தவன் பிழைத்தான்.

தங்கள் இலச்சினை பொறித்த சொல் மாறாது என்பது தங்கள் முன்னோர் வகுத்த விதி. அவ்விதிக்குப் பணிந்து, யாம் அன்றுமுதல் தனிநாடானோம். கண்டரைத் தண்டிக்கத் திருவுள்ளமாயின், அவ்விலச்சினை தங்களுடையதன்று என்று முதலில் எட்டுத் திக்கும் பறையறைவிக்க நேரும். பேரரசரின் பெருமைக்கு அஃது அழகன்று என அஞ்சுகிறோம். அவர் தூதராகவே இங்குத் தங்க இசைந்துள்ளார். மனைவியையும் மகளையும் அடுத்த பருவக்காற்றில் கப்பலேற்றி அனுப்பிவைக்க. பட்டு வேண்டாம், பருத்தி போதும்.

இவ்வாறு செய்யக் கடவது. எம் இலச்சினை இன்னும் செதுக்கி முடியாமையால், தலைவி வலம்புரியார் படகுக்குப் பூசும் கீல் படிந்த தம் பெருவிரலை இங்குப் பதித்தார்.