பெயர் வாசிக்க ஆன நேரம்

மார்ச் 3, திங்கள்

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். மனுக்கள் 538. எண்ணிக்கையையும் கலெக்டர் சொன்ன இரண்டு வரியையும் எழுதி மதியமே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருடமாகத் திங்கள்கிழமை இப்படித்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மகள் இனியா எனக்காகக் காத்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இறையியல் படிக்கப்போகிறாளாம். சர்ச்சில் ஆராதனை நடத்தும் ஆயராகப் போகிறாளாம். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான்கு வயதிலிருந்தே அவளுக்குத் திக்கும். க, ப, த எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் அப்படியே நின்றுவிடுவாள்.

"யார் சொன்னாங்க உன்கிட்ட?" என்று கேட்டேன். செய்தி சேகரிக்கிற புத்தி.

"யாரும் சொல்லலப்பா. நானா முடிவு பண்ணது. ஆண்டவரும் சொன்ன மாதிரி இருந்துச்சு."

என் மனைவி அன்பு அடுப்பைப் பார்த்தபடியே, "ரெண்டு சோர்ஸ் ஆயிடுச்சு. நியூஸ் போட்டுடலாமா சார்?" என்றாள். மூவரும் சிரித்தோம். நான்தான் முதலில் நிறுத்தினேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து நோன்பின் முதல் நாள். ஆராதனை முடிந்து சபைக் குழு கூடியது. கல்லூரிக்கு விண்ணப்பிக்க, குழுவின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பதினொரு பேரில் நானும் ஒருவன். என் மகள் விஷயம் என்பதால் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிறகு செயலாளர் மாறன் வந்து விவரம் சொன்னார். தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரம் குறித்துச் செய்கிறவர்.

"பாப்பாவை நான் குத்தம் சொல்லல சார். தங்கமான பொண்ணு. ஆனா கல்லறையில ஒரு அடக்கத்துல நிக்கிறோம், ஆயருக்கு வாய் வரலன்னா ஜனங்க என்னா பண்ணும்? பதினாலாம் தேதி உபவாச ஜெபத்தைப் பாப்பாவே நடத்தட்டும். பத்துல இருந்து மூணு வரைக்கும். பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை ஓட்டு போட்டுக்கலாம்."

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 8, சனி

இனியா மாடியில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டில் அவளுக்கு ஒரு சொல்லும் திக்காது. ஐந்து மணி நேரமும் பாட்டாகவே இருந்துவிட்டால்?

மார்ச் 11, செவ்வாய்

தப்பு செய்தேனா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அவள் பேச வேண்டியதை ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்கூட க, ப, த-வில் தொடங்காது. கிருபை வருகிற இடத்தில் இரக்கம். பாவம் வருகிற இடத்தில் மீறுதல். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். தொழில் கைகொடுத்தது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"சின்ன வயசுல இருந்து வராத வார்த்தையை விட்டுட்டு வேற வார்த்தை சொல்லுன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. பால் வேணும்னு கேக்க வராது. வெள்ளையா இருக்குமே, அது வேணும்பேன். நீங்களும் கொடுப்பீங்க. எனக்குப் பால்னு சொல்லணும்ப்பா."

கோபமே இல்லை அவள் குரலில். "பால்" என்ற சொல் இரண்டு தடவையும் நின்று, நின்று, வந்தது. அந்த ஆறு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

பௌர்ணமி. செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி வண்டி நகரவில்லை. கிரிவலக் கூட்டத்தைப் பற்றி 300 சொல் எழுதி அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனேன் — எங்கள் கோயிலுக்கு, சர்ச்சுக்கு. ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்து வைப்பது இந்த மாதம் என் முறை.

23 சீட்டுகள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்துச் சீட்டின் ஓரம், பிள்ளைகளின் நோட்டில் கிழித்த தாள். ஊரில் எந்த மதத்துக்காரரும் போடுகிற பெட்டி அது. ஜெபத்தை நடத்துகிறவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படித்து ஜெபிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

ஒன்பது பெயர்கள் இனியாவுக்கு வராத எழுத்தில் தொடங்கின. பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

கையெழுத்து புரியவில்லை என்ற சாக்கில் எல்லாவற்றையும் ஒரே தாளில் நகல் எடுத்தேன். அந்த ஒன்பதில் பெயரை எடுத்துவிட்டு, 'நோயுற்ற ஒரு சகோதரி', 'வேலை தேடும் ஒரு சகோதரர்' என்று எழுதினேன். ஆண்டவருக்கு யாரென்று தெரியும், இல்லையா?

நாளை எப்படி முடிய வேண்டும் என்று இன்றே எழுதி வைத்துவிட்டேன். கூட்டங்களுக்கும் அப்படித்தான் செய்வோம். போவதற்கு முன்பே செய்தியை எழுதிவிட்டு, எண்களை மட்டும் பிறகு நிரப்புவோம். நம்புகிறவன் செய்கிற காரியமா இது?

மார்ச் 14, வெள்ளி

மணிவாரியாக எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

9.40. வாசலில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். பௌர்ணமிக் கூட்டம் கலையாததால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். நடந்தே வந்திருக்கிறார். "இங்கதான சீட்டு படிப்பாங்க? ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப எழுதிப் போட்டேன். கண்ணு ஆபரேசன். என் பேரு வந்துச்சா சார்? பாஞ்சாலை."

"வந்திருக்குதும்மா" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

10.05. தொடங்கினாள். கோயிலில் அறுபத்திரண்டு பேர். பாட்டில் திக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்திலும் திக்கவில்லை. வேதபாடத்தில் பல இடத்தில் நின்றாள். எந்தச் சொல்லையும் மாற்றவில்லை. நின்ற இடத்தில் நின்று, வந்த பிறகு மேலே போனாள். முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், அவன் அம்மா கிள்ளினாள். மதியம்வரை இப்படியே.

2.10. சீட்டுகள். என் தாளைக் கையில் எடுத்தாள். மூன்று படித்தாள், சரளமாக. நான்காவது: "கீழ்பென்னாத்தூரிலிருந்து நோயுற்ற ஒரு சகோதரி." ஊர்ப் பெயரை விட்டுவைத்தது என் கவனக்குறைவு. அதில் சற்று நின்று, படித்து முடித்தாள். கடைசி வரிசையில் பாஞ்சாலை தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

இனியாவும் அதைப் பார்த்துவிட்டாள். தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். மைக்கை அணைத்துவிட்டு இறங்கி நேராக என் வரிசைக்கு வந்தாள்.

"சீட்டு எங்கப்பா?"

சட்டைப் பையில்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அறுபத்தோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குத் திரும்பிப் போய், "பேர் இல்லாம படிச்சுட்டேன். மன்னிக்கணும். முதல்ல இருந்து படிக்கிறேன்" என்றாள். பெயரை எடுத்தது யார் என்று சொல்லவில்லை.

வராத எழுத்தில் முதலில் வந்தது கஸ்தூரி. நான்கு விநாடி. அப்புறம் மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதியது. உதடு சேர்ந்தது, பிரியவில்லை. கண்களை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ "பாவம்" என்றார்கள். மாறன் தொண்டையைச் செருமினார். அந்தப் பெயர் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் சொல்லிவிட்டால் முடிந்துவிடும். வாயைத் திறந்தேன். அன்பு என் மணிக்கட்டைப் பிடித்தாள், கடிகாரத்தின் மேலேயே.

"விடுங்க. அவ ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு நிக்கிறா. அவரே கொடுக்கட்டும்."

விட்டேன். எழுதிக்கொடுக்க, வெட்ட, மாற்ற ஒன்றுமே கையில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், கேட்பதற்குச் சொல் இல்லாமல் நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து பாஞ்சாலை எழுந்து நின்றார்.

"நான் இருக்கறேன்மா. நீ மெதுவா கூப்புடு."

இனியா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். இன்னும் இரண்டு மூன்று விநாடி. பிறகு வந்தது, முழுசாக, உடையாமல்: "பாஞ்சாலை."

அந்த அம்மா கும்பிட்டார். இனியா அவருடைய கண்ணுக்காக ஜெபித்தாள்.

அடுத்த சீட்டுக்கு உரியவர் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார். அதற்கடுத்தவரும். தன் சீட்டு வருமுன்பே நின்று காத்திருந்தவர்களும் உண்டு. 23 சீட்டுக்கு 41 நிமிடம். அதன்பின் வழக்கமான பாட்டும் நிறைவு ஜெபமும் ஆகி 3.35-க்கு முடிந்தது. முப்பத்தைந்து நிமிடம் தாமதம்.

பிறகு எல்லாருக்கும் கஞ்சி. பாஞ்சாலை டம்ளரோடு இனியாவிடம் வந்தார். "வூட்ல யாரும்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறாங்க? ஏய், இந்தா, அவ்ளோதான். என் பேரை இவ்ளோ நேரம் வாயில வெச்சிருந்து கூப்புட்டது நீ ஒருத்திதான்."

மாறன் இரண்டாவது டம்ளர் கஞ்சியை ஊதியபடி, "டைம் ஜாஸ்தி ஆயிடுச்சு சார்" என்றார்.

இனியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நகல் கையெழுத்து நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். கிண்டல்தான்.

எத்தனையோ தலைவர்களின் பேச்சை மேடைக்குக் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இன்று பேசியவள் என் மகள். பெருமை கூடாது என்று லெந்து நாளில் பிரசங்கம் கேட்டவன்தான் நான். இன்று ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

குழு கூடியதும் நானே எழுந்து, பெயர்களை எடுத்தது நான், இனியாவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றேன். இருபது நிமிடம். முடிவைப் பற்றி மனத்துக்குள் எதையும் எழுதிப் பார்க்கவில்லை. முயற்சி செய்துதான் அப்படி இருந்தேன்.

ஏழு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. மாறன் எந்தப் பக்கம் என்று தெரியாது. ரகசிய வாக்கு. கேட்கவும் மாட்டேன்.

கடிதத்தை அவரே எழுதினார். சபையிலிருந்து எது போனாலும் நான் ஒருமுறை திருத்துவது வழக்கம். அதில் இப்படி இரண்டு வாக்கியம்: "இவருக்குப் பேச்சில் திக்கல் உண்டு. ஒருவர் பெயரையும் விடாமல் வாசிப்பார்." முதல் வாக்கியத்தின் மேல் பேனாவை வைத்தேன்.

"ரெண்டும் உண்மைதான? விடுங்கப்பா" என்றாள் இனியா.

பேனாவை மூடினேன்.

மார்ச் 17, திங்கள்

மனுக்கள் 496. இந்தத் தடவை வரிசையின் கடைசியில் நின்றவரிடம் பெயரும் கேட்டு எழுதினேன். திருமலை, பாதை தகராறு. பத்திரிகை அலுவலகத்தில் இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். அடுத்த வாரமும் எழுதுவேன்.

ஜூலை 11, வெள்ளி

உபவாச ஜெபம். இனியா கல்லூரிக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். விடுதிச் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்கிறாள். கல்லூரிச் சிற்றாலயத்தில் ஆராதனை நடத்த அவள் முறை அடுத்த புதன்கிழமை.

ஆயர் ஊரில் இல்லாததால் மாறன் நடத்தினார். பாஞ்சாலை கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தார். நேற்று மாலை நான் முதல்முறையாகப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். என்ன விண்ணப்பம் என்று எழுத வரவில்லை. பெயரை மட்டும் எழுதினேன்.

பெயர் சொல்லும்போது எழுந்து நிற்பது இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது. சரியாக 2.10-க்குச் சீட்டுகளை எடுத்தார் மாறன். மளமளவென்று படித்துக்கொண்டே போனார். ஐந்தாவது சீட்டை எடுத்தவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இனியா" என்றார்.

நானும் அன்புவும் எழுந்து நின்றோம். மாறன் அடுத்த சீட்டை எடுக்கவில்லை. பெயரைத் தவிர ஒன்றும் எழுதாத அந்தத் துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நின்றார்.

எத்தனை விநாடி என்று எழுத முடியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.