இப்போது லாரி நேராகப் போகிறது

நுகரெனி,
4 அக்டோபர் 2003, சனி

அன்புள்ள சினோவியாவுக்கு,

செராஃபிம் எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய பார்சல் பிரியாமல், நனையாமல் வந்து சேர்ந்தது. காப்பித்தூள், கையுறை, ஒலிம்பியாவுக்கான காலணி எல்லாம் இருந்தன. எனக்கு அனுப்பிய கால்சட்டைதான் இடுப்பில் நிற்கவில்லை. உன்மேல் தப்பில்லை, நான்கு வருடத்துக்கு முந்தைய ஆளை நினைத்து வாங்கியிருக்கிறாய். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

ஒலிம்பியா போன வாரம் கிஷினாவிலிருந்து வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள். மருந்துக்கடை வேலை நிரந்தரமாகிவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்டு எடுத்த படத்தை அம்மாவுக்கு என்று கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். நம் மகளின் படிப்பு முடிகிறவரை என்று சொல்லித்தான் நீ இத்தாலிக்குப் போனாய். அதைப் பற்றி வேறொன்றும் எழுதப் போவதில்லை.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுப் பதறாதே. எல்லாம் முடிந்துபோன விஷயம். மேட்டு நிலத்துப் புல் நல்லபடியாக வீடு சேர்ந்தது, நானும் நலம் என்று ஜூலையில் எழுதியிருந்தேன். அது பொய். புல் வீடு சேரவில்லை. நானும் கொஞ்சம் சேதாரத்தோடுதான் வந்து சேர்ந்தேன்.

நம் லாரியின் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தது உனக்குத் தெரியும். நீ போனபோது நான்கு விரல் அளவு இருந்தது, இந்த வருடம் கால் சுற்றுக்கு வந்துவிட்டது. கால் சுற்று வெறுமனே சுற்றின பிறகுதான் கீழே சக்கரத்துக்குச் சேதியே போகும். எனக்கு அது பழகிவிட்டது. வளைவு வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்கிவிடுவேன். அன்று புல்லை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வலது முன் டயர் வெடித்தது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. நான் திருப்புகிறேன், திருப்புகிறேன், ஸ்டியரிங் மட்டும் கையில் சுற்றுகிறது. பள்ளத்தின் விளிம்பில் இருக்கிற வேலமரங்களில் மோதி நின்றது. நெற்றி கண்ணாடியில் பட்டு ரத்தம். கதவு நசுங்கித் திறக்கவில்லை. இடது கால் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

உச்சி வெயில். ‘யாராவது வாங்க’ என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள் என்று தோன்றியது. யார் பேரைச் சொல்வது? மேட்டுத் தெருவை வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். முதல் வீட்டுக்காரன் போர்ச்சுகலில். அடுத்த வீட்டில் இரண்டு பேரும் மாஸ்கோவில். அதற்கடுத்த வீட்டுக் கிழவரை மார்ச்சில்தான் அடக்கம் செய்தோம். கடைசியில் உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன், சினோவியா. ஒரு தடவை இல்லை, நிறையத் தடவை. அடிபட்டதில் புத்தி கலங்கியிருந்தது என்று வைத்துக்கொள்.

இரண்டு மணி நேரம் கழித்து நம் பக்கத்து வீட்டு பெலாகியா அக்கா வந்தாள். அதுவும் என் சத்தம் கேட்டு இல்லை. அவளுடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது, அதைத் தேடி வந்திருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, “ஐயோ தம்பி, செத்துட்டியா?” என்று கேட்டாள். இல்லை அக்கா என்றேன். “அப்ப வாயப் பொளந்துட்டு இருக்காம கால அசைச்சுக் காட்டு” என்றாள். ஓடிப்போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து கதவை அவளேதான் நெம்பினாள். நர்ஸம்மா நெற்றியில் ஏழு தையல் போட்டாள். தழும்பு புருவத்துக்கு மேலே இருக்கிறது. தொப்பி போட்டால் தெரியாது.

ஆகஸ்ட் முழுக்க லாரி முற்றத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் கிணற்றுக்குப் போய் வந்தேன். ஆனால் திராட்சை பழுத்துவிட்டது. ஒயின் ஆலைக்காரர்கள் இப்போது நம் மேட்டுக்கு வண்டி அனுப்புவதில்லை. கொண்டுவந்து கொடுத்தால் எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். வேறு வழியில்லாமல் செப்டம்பரில் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

முதலில் சக்கரம். முன்னால் இரண்டு ரிம்மும் வெடிப்பு விட்டிருந்தன. பழைய கூட்டுப்பண்ணையில் ஒரு பால் டேங்கர் வண்டி நிற்கிறதே, காஞ்சொறிச் செடிகள் மண்டிக் கிடக்கும் மூலையில், அதன் சக்கரங்கள் நன்றாக இருந்தன. அங்கே காவல் இருப்பது ஹரலாம்பி மாமாதான். குளிர்காலத்துக்கு இரண்டு லோடு விறகு ஏற்றித் தருவதாகப் பேசிக்கொண்டேன். நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்துவிட்டு ஸ்பேனரில் குழாயை மாட்டி ஏறி நின்று குதித்தேன். வலது பக்கம் கழன்றது. இடது பக்கம் அசையவே இல்லை. ஹரலாம்பி மாமா நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “ஏண்டா, இடது பக்க நட்டு தலைகீழாத்தான் கழலும்னு மறந்துபோச்சா? பொண்டாட்டி போனப்ப மண்டையையும் பொட்டியில வச்சுக் குடுத்தனுப்பிட்டியா?” என்றார். முப்பது வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். எவ்வளவு நேரம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன், பார். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று பேச ஆள் இருந்ததே பெரிய விஷயம் என்று, சக்கரங்களைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஸ்டியரிங்தான் பாடுபடுத்தியது. உனக்குத் தெரியாததில்லை, அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து இடதும் வலதும் திருப்ப வேண்டும், ஒருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்து எங்கே ஆட்டம் என்று பார்க்க வேண்டும். மேலே எப்போதும் நீதான் உட்காருவாய். தனியாகச் செய்து பார்த்தேன். மேலே ஏறித் திருப்பிவிட்டு, இறங்கி அடியில் புகுந்தால், அதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஸ்டியரிங்கில் கயிறு கட்டி அடியிலிருந்து இழுத்தேன், கயிறு அறுந்து முகத்தில் அடித்தது. மூன்று நாள் இப்படியே போனது.

நான்காம் நாள் பெலாகியா அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “குரங்கு மாதிரி ஏறி எறங்கிட்டிருக்கியே, கூப்பிட்டா வரமாட்டேனா?” என்றாள். ஊர் ஏதாவது பேசும் அக்கா என்றேன். “பேசட்டுமே. பேசுறதுக்கு ஊர்ல ஆள் இருந்தாத்தானே” என்றாள். அவரைக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். உன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்ததை வேறு யாரும் சொல்லி நீ கேட்க வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன். அவளுக்கு அறுபத்திரண்டு வயது, உனக்குத் தெரியும். நான் அடியிலிருந்து ‘இடது’ என்பேன், அவள் திருப்பிவிட்டு நாலு காய் உரிப்பாள். ‘வலது’ என்பேன், திருப்பிவிட்டு மறுபடி உரிப்பாள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற தண்டின் முனைகள் தேய்ந்து கிண்ணத்தில் போட்ட கல் மாதிரி கடகடவென்று ஆடின. அவற்றை மாற்றினேன். சக்கரம் திரும்புகிற அச்சு முளைகளையும் புஷ்களையும் மாற்றினேன். கடைசியாக ஸ்டியரிங் பெட்டியின் திருகை முடுக்கி, கிரீஸ் அடித்தேன். இரண்டு விரல் ஆட்டம்தான் மிச்சம். புது வண்டியில்கூட அவ்வளவு இருக்கும்.

சோதனைக்கு அவளையும் ஏற்றிக்கொண்டு அந்த வாதுமை மரச் சாலையில் ஓட்டினேன். கையை எடுத்தாலும் வண்டி நேராகப் போனது. சந்தோஷத்தில் நான் ஹாரனை அடித்தேன். அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது, “தம்பி, திராட்சைய ஏத்துறதுக்கு முந்தி எனக்கு ஒரு நடை வரணும்” என்றாள். சந்தைக்கா என்று கேட்டேன். “இல்லப்பா. பெல்ட்ஸிக்கு. மக அங்கயே வந்து இருன்னு கூப்பிட்டுட்டே இருக்கா. நீ வண்டிய முடிக்கட்டும்னு காத்திருந்தேன்.”

அவள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு என்ன உரிமை?

வியாழக்கிழமை போனோம். தையல் இயந்திரம், மெத்தை, தலையணைகள், நாற்பது ஊறுகாய் ஜாடி. பசுவை முந்தின நாளே அவளுடைய மருமகனின் அண்ணன் ஓட்டிப்போய்விட்டான். மகள் வீடு எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஜாடிகளை ஒவ்வொரு மாடியாக ஏற்றினேன். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அவளும் கீழே இறங்கி வந்தாள், அத்தனை படியும். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அவளுக்கு என்னன்னு எழுதுற?” நலமாக இருக்கிறேன் என்று எழுதுகிறேன் என்றேன். “நாலு வருஷமா அதையேவா? வண்டியில அடிபட்டுக் கெடந்தத எழுதுனியா?” இல்லை என்றேன். “நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு எழுதிட்டிருந்தா யாருய்யா திரும்பி வருவா?” என்று திட்டினாள். அப்புறம் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் ஒரு பழுதும் இல்லை. வீட்டுக்குப் போவதில் அவசரமும் இல்லை. அப்போது முடிவு செய்தேன், இந்தக் கடிதத்தை இப்படியே எழுதுவது என்று. இப்போது மேட்டுத் தெருவில் அடுப்பு புகைவது நம் வீட்டில் மட்டும்தான். சமைத்தால் மிஞ்சுகிறது. ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். திங்களன்று ஒலிம்பியா லீவு போட்டுவிட்டு வருகிறாள், இருவரும் சேர்ந்து திராட்சையைப் பறித்துவிடுவோம்.

அங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கிடைக்காமல் நீ கிளம்பினால் மறுபடி அங்கே போக முடியாது என்பது எனக்குத் தெரியும். நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாவுக்கு உன்னை விட்டால் ஆளில்லை என்பதும் தெரியும். வா என்று எழுதவில்லை. ஆனால் சக்கரம் மாற்றிய வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டிப்போய் நட்டுகளை இறுக்க வேண்டும். ஞாயிறுதோறும் நெடுஞ்சாலைச் சந்திவரை ஓட்டிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். இத்தாலியிலிருந்து வருகிற மினிபஸ் அங்கேதான் நிற்கும், மதியம் ஒரு மணி வாக்கில். எல்லோரும் இறங்கி, அவரவர் ஆட்களோடு போய் முடிகிறவரை நின்றுவிட்டு, நட்டுகளை இறுக்கிக்கொண்டு திரும்புவேன். மழை பெய்தாலும் போவேன். குளிர்காலம் முழுக்கப் போவேன்.

அங்கும் குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள். நீ எங்கே நடந்தாலும் ஆண்டவர் உன் வழிக்குத் துணையாக இருக்கட்டும்.

உன்
செராஃபிம்